இதயம் உடைக்கும் குன்று

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹாப்கின்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள், ஏப்ரல் மாதத்து மூன்றாம் திங்கட்கிழமையன்று, அந்த ஊரின் மக்கள்தொகையைவிட அதிகமான விருந்தினர்கள் அங்கே வந்து குவிகிறார்கள். காலையில் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பவர்கள், ஓட்டம் தொடங்கியதும் கிழக்கே பாஸ்டன் மாநகரை நோக்கி ஓடுகிறார்கள். ஓட வேண்டிய தொலைவு 42 கிலோமீட்டர் 195 மீட்டர். இதுவே பாஸ்டன் மாரத்தான்.

1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் விளையாட்டுகளில் மாரத்தான் ஓட்டம் இடம்பெற்றது. அதைக் கண்டு வந்தவர்கள் அடுத்த ஆண்டே பாஸ்டனில் ஒரு போட்டியை நடத்தினார்கள். 1897இல் ஓடியவர்கள் பதினைந்து பேர். இன்று ஏறக்குறைய முப்பதாயிரம் பேர் ஓடுகிறார்கள். ஆண்டுதோறும் நடைபெறும் மாரத்தான்களில் இதுவே மிகப் பழமையானது.

இப்படி ஓடியவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். முதல் பாதி பறப்பது போல இருந்தது. வெல்லெஸ்லி கல்லூரி மாணவிகள் சாலையோரம் நின்று எழுப்பிய கூச்சல் வெகு தொலைவிலிருந்தே காதில் விழுந்தது. பிறகு குன்றுகள் வந்தன. அதன்பின் கால்கள் தம்முடையவையாகவே இல்லை என்பார்கள். இந்தக் கதைக்குள் நம் இயற்பியல் பாடநூலின் பல பக்கங்கள் ஒளிந்திருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஏறத்தாழ 26ஆவது கிலோமீட்டரில் பாதை நியூட்டன் என்ற ஊரை அடைகிறது. அங்கிருந்து ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஏற்றங்கள். நான்காவது ஏற்றத்துக்கு 'ஹார்ட்பிரேக் ஹில்' என்று பெயர். இதயம் உடைக்கும் குன்று என்று நாம் சொல்லலாம். 1936ஆம் ஆண்டில் ஜானி கெல்லி என்ற வீரர் இந்த இடத்துக்கு அருகில் தம் போட்டியாளரான பிரவுன் என்பவரை எட்டிப் பிடித்தார். கடந்து செல்லும்போது, ஆறுதல் சொல்வது போல அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். தட்டு வாங்கிய பிரவுனுக்கு எங்கிருந்தோ வேகம் பிறந்தது. அவரே முன்னேறி வெற்றியும் பெற்றார். கெல்லியின் இதயம் உடைந்த இடம் என்று ஒரு பத்திரிகையாளர் எழுத, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கெல்லி ஒன்றும் சோர்ந்து போய்விடவில்லை. 1945இல் இரண்டாம் முறையாக வென்றார். தமது 84ஆம் வயதில், 1992இல், கடைசியாக முழுத் தொலைவையும் ஓடி முடித்தார்.

அப்படியானால் இந்தக் குன்று எவ்வளவு உயரம் என்று நினைக்கிறீர்கள்? வெறும் 27 மீட்டர்! சுமார் 600 மீட்டர் நீளமுள்ள சாலையில் 27 மீட்டர் ஏறவேண்டும். ஒன்பது மாடிக் கட்டடத்தின் உயரம், அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓடுபவரின் எடை 60 கிலோகிராம் என்று வைத்துக்கொள்வோம். 27 மீட்டர் ஏறினால் அவர் பெறும் நிலை ஆற்றல், நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும்: 60 × 9.8 × 27 = 15,876 ஜூல். இது நான்கு கிலோ கலோரிக்கும் சற்றுக் குறைவு. நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன. ஆகவே குன்றேறுவதற்கு உடல் கூடுதலாகச் செலவிடுவது சுமார் 15 கிலோ கலோரி. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் அடங்கியிருக்கும் ஆற்றல் அது!

ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையா ஒரு மனிதனின் இதயத்தை உடைக்கிறது? குன்றின் உயரத்தில் விடை இல்லை. அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. புறப்பட்ட இடத்திலிருந்து அது 32 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கிறது.

ஓடும்போது ஒரு கிலோகிராம் உடல் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, ஏறக்குறைய ஒரு கிலோ கலோரி செலவாகிறது. நினைவில் வைத்துக்கொள்ள எளிதான இந்த விதி வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. வேகமாக ஓடுபவர் அதே ஆற்றலைக் குறைந்த நேரத்தில் செலவிடுகிறார். மெதுவாக ஓடுபவர் அதிக நேரத்தில். நம் 60 கிலோகிராம் ஓட்டக்காரருக்கு முழு ஓட்டத்துக்கும் சுமார் 2,500 கிலோ கலோரி தேவை. (உணவுப் பொட்டலங்களிலும் பேச்சுவழக்கிலும் 'கலோரி' என்பது பெரும்பாலும் கிலோ கலோரியே. இந்தக் குழப்பத்தால் தேர்வில் ஆயிரம் மடங்கு தவறிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன்!)

இனி, கையிருப்பு எவ்வளவு? நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் குளுக்கோசாக மாறி, பிறகு கிளைக்கோஜன் என்னும் பொருளாகத் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகின்றன. தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம். கிராமுக்கு 4 கிலோ கலோரி என்று பார்த்தால் மொத்தம் 2,000. தேவை 2,500, இருப்போ 2,000. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கைத்தசையில் இருக்கும் கிளைக்கோஜனைக் காலுக்குக் கடன் கொடுக்க முடியாது. ஒரு தசையில் சேர்ந்தது அந்தத் தசையிலேயே செலவாக வேண்டும்.

கொழுப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஏராளமாக! ஒல்லியான ஓட்டக்காரரின் உடலில்கூட 50,000 கிலோ கலோரிக்குக் குறையாத கொழுப்பு உண்டு. ஆனால் அடுப்பெரிக்கும் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், சுள்ளியும் விறகுக்கட்டையும் ஒன்றல்ல. சுள்ளி உடனே பற்றிக்கொள்ளும், விரைவில் தீர்ந்தும் போகும். கட்டை நெடுநேரம் எரியும், ஆனால் அவசரத்துக்கு உதவாது. கிளைக்கோஜன் சுள்ளி, கொழுப்பு கட்டை. அதே அளவு ஆற்றலைப் பெறக் கொழுப்புக்கு ஆக்சிஜனும் சற்று அதிகம் வேண்டும். ஓடும்போது இரண்டும் சேர்ந்தே எரிகின்றன. மெதுவாக ஓடினால் கட்டையின் பங்கு அதிகம். விரைந்து ஓடினால் சுள்ளியின் பங்கு அதிகம்.

ஆகவே தொடக்கத்தில் உற்சாகத்தில் விரைந்தவருக்கு, ஏறக்குறைய 30 கிலோமீட்டரை எட்டும் வேளையில் சுள்ளி தீர்ந்துவிடுகிறது. ஓட்டக்காரர்கள் இதைச் 'சுவரில் மோதுவது' என்கிறார்கள். வேகம் தானாகவே குறைகிறது. மூளைக்குக் குளுக்கோசு வழங்கும் கல்லீரலும் கையை விரிப்பதால் சிந்தனையும் மந்தமாகிறது. இன்னும் எத்தனை கிலோமீட்டர் என்ற எளிய கழித்தல் கணக்கே போட முடியவில்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். அந்த நிலையில், அந்த இடத்தில், ஒன்பது மாடி உயரத்துக்கு ஒரு சாலை எழுந்து நிற்கிறது.

பாஸ்டன் பாதை இன்னொரு தந்திரமும் செய்கிறது. ஹாப்கின்டன், முடிவுக்கோட்டைவிட ஏறக்குறைய 140 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முதல் ஒன்றரைக் கிலோமீட்டரிலேயே சாலை 40 மீட்டர் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இறக்கம் என்றால் எளிது என்று நினைப்போம். மூச்சுக்கு எளிதுதான், தொடைக்கு அல்ல. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை, நீண்டுகொண்டே இழுவிசை கொடுத்து, உடலைத் தடுத்து நிறுத்துகிறது. வண்டிக்குத் தடை போடுவது போன்ற வேலை இது. சுருங்கி வேலை செய்யும் தசையைவிட நீண்டு வேலை செய்யும் தசையின் நுண்ணிழைகள் எளிதில் சேதமடைகின்றன. இந்தச் சேதம் அப்போது தெரியாது. நியூட்டனில் ஏறும்போது தெரியத் தொடங்கும். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது நன்றாகவே தெரியும்.

இந்த இறக்கத்தால் இன்னொரு விளைவும் உண்டு. 2011ஆம் ஆண்டில் கென்ய வீரர் ஜெஃப்ரி முதாய் பாஸ்டனில் 2 மணி 3 நிமிடம் 2 வினாடியில் ஓடினார். அதுவரை எவரும் அவ்வளவு விரைவாக மாரத்தான் ஓடியதில்லை. ஆயினும் அது உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. சாதனைக்குரிய பாதை, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது; தொடக்கமும் முடிவும் ஓட்டத் தொலைவின் பாதிக்கு மேல் விலகி இருக்கவும் கூடாது என்பது விதி. பாஸ்டன் இரண்டையும் மீறுகிறது. அன்று வீசிய காற்றும் அவருக்குப் பின்னாலிருந்து வீசியது. விதி நியாயமானதே. ஆனாலும் அந்த வீரருக்காகச் சற்று வருத்தமாகத்தான் இருக்கிறது.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். உயிருக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் ஓட்டக்காரர் நான்கு மணி நேரத்தில் ஓடி முடிப்பதாகக் கொள்வோம். 2,500 கிலோ கலோரியை நான்கு மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் மணிக்குச் சுமார் 630. வாட்டில் சொன்னால் ஏறக்குறைய 735. ஒரு சலவைப் பெட்டி இழுக்கும் மின்திறன் இது. இதில் வெப்பமாக மாறுவது ஐந்தில் நான்கு பங்கு, அதாவது மணிக்கு 500 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்வோம். மனித உடலின் வெப்ப எண் ஏறக்குறைய 0.83. ஆகவே 60 கிலோகிராம் உடலின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 50 கிலோ கலோரி போதும். இந்த வெப்பம் வெளியேறவே இல்லையென்றால் என்ன ஆகும்? ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடாகும்! 37 டிகிரியில் புறப்பட்டவர் கால் மணி நேரம் கடந்ததும் 40 டிகிரியை எட்டிவிடுவார். மருத்துவர்கள் அஞ்சும் வெப்பநிலைக்கு அது மிக அருகில்.

அப்படி நேராமல் காப்பாற்றுவது வியர்வை. நீர் கொதிக்கும்போது அதன் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 540 கலோரி என்று படித்திருப்பீர்கள். தோலின் வெப்பநிலையில் ஆவியாகும்போது இது இன்னும் சற்று அதிகம், சுமார் 580. அதாவது ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்குகிறது. மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான வியர்வை போதும், கணக்கு நேராகிவிடும். நம் மண்பானை தண்ணீரைக் குளிர வைக்கும் அதே முறை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். நெற்றியிலிருந்து சொட்டித் தரையில் விழும் வியர்வையால் உடலுக்குப் பயனில்லை; நீர் போனதுதான் மிச்சம். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் நடப்பது இதுதான். காற்றின் வெப்பநிலை தோலின் வெப்பநிலையைத் தாண்டிவிட்டாலோ, கடத்தலும் கதிர்வீசலும் உடலுக்கு உதவுவதற்குப் பதிலாக அதனைச் சூடாக்கத் தொடங்கும்.

1976ஆம் ஆண்டில் அப்படி நடந்தது. ஹாப்கின்டனில் அன்று வெப்பநிலை ஏறக்குறைய 38 டிகிரி. வழிநெடுகிலும் மக்கள் தம் தோட்டத்து ரப்பர்க் குழாய்களைக் கொண்டுவந்து ஓடுபவர்கள் மீது தண்ணீர் பாய்ச்சினார்கள். அவர்கள் அறிந்தோ அறியாமலோ செய்தது, உள்ளிருந்து வரவேண்டிய வியர்வைக்குப் பதிலாக வெளியிலிருந்து நீர் கொடுத்தது. அன்று வென்ற ஜாக் ஃபுல்ட்ஸ் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 20 நிமிடம் 19 வினாடி. 2012இலும் வெயில் 30 டிகிரியைத் தாண்டியது. விரும்பியவர்கள் அந்த ஆண்டு ஓடாமல் அடுத்த ஆண்டு ஓடலாம் என்று போட்டி நடத்துபவர்களே சலுகை அளித்தார்கள். முதாயின் வேகத்தைக் கண்ட அதே சாலையில் அந்த ஆண்டு வென்றவரின் நேரம் 2 மணி 12 நிமிடம் 40 வினாடி. ஓராண்டில் ஒன்பதரை நிமிட வேறுபாடு!

அப்படியென்றால் நிறையத் தண்ணீர் குடித்தால் போதுமா? இந்தக் கேள்விக்கான விடை காலந்தோறும் மாறி வந்திருக்கிறது. பெண்களால் இவ்வளவு தொலைவு ஓட முடியாது என்று சொல்லித் தடை இருந்த காலத்தில், 1966இல், பாபி கிப் என்ற இளம்பெண் புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடினார். பெரும்பாலான ஆண்களுக்கு முன்பாகவே முடித்தும் காட்டினார். வழியில் அவர் தண்ணீர் குடிக்கவில்லை. ஓடும்போது குடித்தால் தசை பிடித்துக்கொள்ளும் என்று அப்போது நம்பினார்கள். பிற்காலத்தில் அந்த நம்பிக்கை தலைகீழானது. தாகம் எடுக்கும் முன்பே குடி, முடிந்தவரை குடி என்றார்கள்.

2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 28 வயதான ஒரு பெண் ஓட்டத்தின்போது சரிந்து விழுந்து, பிறகு இறந்தார். காரணம் தண்ணீர் போதாமை அன்று, மிகுதி. அதே ஓட்டத்தின் முடிவில் ஆராய்ச்சியாளர்கள் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்திருந்தார்கள். 2005இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. அவர்களில் 13 விழுக்காட்டினரின் இரத்தத்தில் சோடியம் இயல்புக்குக் குறைவாக இருந்தது. மூவருக்கு அபாய அளவுக்கே குறைந்திருந்தது. ஓடத் தொடங்கியபோது இருந்ததைவிட முடிவில் எடை கூடியிருந்தவர்களிடமே இக்குறை அதிகம் காணப்பட்டது. ஓடி எடை கூடுவதா? ஆம், வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்தவர்கள் அவர்கள்.

உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். செறிவு குறைந்த இடத்திலிருந்து மிகுந்த இடத்துக்கு நீர் சவ்வு வழியே செல்லும். இதுதான் சவ்வூடு பரவல். இரத்தம் நீர்த்துப்போனால் அதிலிருந்து நீர் செல்களுக்குள் புகுந்து அவை வீங்குகின்றன. கையோ காலோ வீங்கினால் பெரிய தீங்கில்லை. மூளைக்கோ மண்டையோடு என்ற பெட்டி. வீங்க இடம் இல்லை. மெதுவாக ஓடி, ஒவ்வொரு நீர்ப்பந்தலிலும் நின்று குடிப்பவருக்கே இந்த ஆபத்து அதிகம். தாகத்துக்குத் தக்கபடி குடியுங்கள் என்பதே இன்றைய மருத்துவர்கள் தரும் அறிவுரை.

குளிரும் இந்தப் பாதையில் வேடிக்கை காட்டியிருக்கிறது. 2018இல் வெப்பநிலை 3 முதல் 8 டிகிரி வரை, கொட்டும் மழை, எதிர்க்காற்று. காற்றின் தடை, ஓடுபவருக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள சார்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வினாடிக்கு 3 மீட்டர் ஓடுபவரை 8 மீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று தாக்கினால் சார்பு வேகம் 11 மீட்டர். தடை பதின்மூன்று மடங்குக்கு மேல்! நனைந்த ஆடையோ வெப்பத்தைக் காக்கும் காற்றுப் படலத்தை இழந்துவிடுகிறது. நீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். முன்னணி வீரர்கள் பலர் பாதியில் விலகினார்கள். அன்று வென்றவர், ஜப்பானில் அரசுப் பணியில் இருந்துகொண்டே ஓடிவந்த யூகி கவாவுச்சி. நேரம் 2 மணி 15 நிமிடம் 58 வினாடி. 1976க்குப் பின் ஆண்களில் வென்றவரின் நேரம் இவ்வளவு நீண்டதே இல்லை. பெண்களில் வென்ற டெஸ் லிண்டன், தம்மால் முடிக்க இயலாது என்று நினைத்து, வழியில் சக வீராங்கனை ஒருவருக்காக வேகத்தைக் குறைத்துக் காத்திருந்து உதவியவர். விலகிவிடலாம் என்று எண்ணியவரே முதலாவதாக வந்தார்.

முடிவுக்கோட்டைத் தாண்டியவர்களை அங்கிருக்கும் தொண்டர்கள் நிற்க விடுவதில்லை. நடங்கள், நடங்கள் என்று விரட்டுகிறார்கள். காரணம் உண்டு. ஓடும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. சட்டென்று நின்றால் இந்தப் பம்பு நின்றுவிடும். இரத்தம் கால்களில் தேங்கும், மூளைக்குக் குறையும், மயக்கம் வரும்.

நின்றதும் இன்னொன்றும் நடக்கிறது. 735 வாட்டாக இருந்த உடல் 100 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் நனைந்த தோலிலிருந்து நீர் ஆவியாவது நிற்கவில்லை. சில நிமிடங்களுக்கு முன் வெப்பத்தில் தவித்தவர் இப்போது பற்கள் கிட்டிப்போய் நடுங்குகிறார். அதனால்தான் எல்லோருடைய தோளிலும் வெள்ளிபோல மின்னும் மெல்லிய தாளொன்றைப் போர்த்துகிறார்கள். 1960களில் அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சியில் உருவான பொருள் இது. பிளாஸ்டிக் படலத்தின்மேல் மிக மெல்லிய அலுமினியப் பூச்சு. உடலின் வெப்பக் கதிர்களை இது திருப்பி அனுப்புகிறது. என் கணிப்பில், காற்றைத் தடுத்து ஆவியாதலைக் குறைப்பதே இதன் பெரிய உதவி.

உங்களுக்கு ஒரு சோதனை. பள்ளி மாடிப்படியின் மொத்த உயரத்தை அளந்துகொள்ளுங்கள். விரைந்து ஏறி, எத்தனை வினாடி ஆயிற்று என்று நண்பரைக் குறிக்கச் சொல்லுங்கள். உங்கள் எடை 45 கிலோகிராம், உயரம் 4 மீட்டர், நேரம் 8 வினாடி என்றால் நீங்கள் ஆற்றிய திறன் சுமார் 220 வாட். தசையின் திறமை நான்கில் ஒன்று என்பதால் அதை நான்கால் பெருக்குங்கள்: 880 வாட். நம் ஓட்டக்காரரின் 735 வாட்டை எட்டு வினாடிக்கு நீங்கள் மிஞ்சிவிட்டீர்கள்! அவர் அதை நான்கு மணி நேரம் செய்கிறார். எட்டாவது வினாடியில் உங்கள் மூச்சு எப்படி இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.